எறும்பு, யானை, என் மகன்

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மகன் வந்தான். எனக்கு ஒரே பிள்ளை. கல்யாணமாகி சம்மாந்துறைக்குப் போனவன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் வீடு கட்டியே களைத்துப்போகிறார்கள். நானோ... வீடு இருக்கிறது. முழுசாக இருக்கிறது.

கணவர் மௌத்தான பிறகு கல்முனையில் எனக்குத் துணை இவன்தான். இப்போது சீனிப் போத்தல் எறும்புகள். அவற்றோடும் கதைக்கிறேன் — என்ன செய்வது? பதில்தான் வருவதில்லை.

மகன் விஞ்ஞான வாத்தியார். சாப்பிட்ட கையோடு விடைத்தாள் கட்டைப் பிரித்தான். எறும்பையும் யானையையும் ஒப்பிட வேண்டுமாம். எறும்பு பூச்சி இனம். ஆறு கால், முள்ளந்தண்டு இல்லை, மண்ணுக்குள் குடியிருப்பு. யானை முலையூட்டி, முள்ளந்தண்டு உண்டு, குட்டிக்குப் பால் கொடுக்கும், வாழிடம் காடு.

மற்றதிலெல்லாம் எல்லோரும் சரி. வாழிடத்தில்தான் வம்பு. பாதிப் பேர் யானைக்கு ‘வயல்’ என்று எழுதியிருந்தார்கள். ஒரு பிள்ளை, ‘எங்கட வளவு’.

சிரித்துவிட்டேன். வேலியை முறித்துக்கொண்டு வீட்டுத் தோட்டத்து வாழை தின்ன வருகிற யானையைத்தானே அந்தப் பிள்ளை கண்டிருக்கிறது? புள்ளியைப் போட்டுவிடச் சொல்லி வக்காலத்து வாங்கினேன். மகன் சிவப்புப் பேனையைத் திறந்தான்.

“அது வந்து போற இடம் உம்மா. வந்து போற இடத்த வாழிடமெண்டு எழுதினா எப்படிப் புள்ளி போடுற?”

அஸர் தொழுதுவிட்டு வந்து விடைத்தாள்களைக் கட்டினான். காலையிலேயே அவன் அறையைக் கூட்டி, தலையணை உறை மாற்றி, மின்விசிறித் தூசியும் தட்டி வைத்திருந்தேன். அதைச் சொல்லவில்லை. சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

“இண்டைக்கு இராவைக்கு நில்லன் மகன்.”

“இன்னொரு நாளைக்கு வாறன் உம்மா. இருட்டினா அந்தப் பக்கம் யானை வரும்... வீட்ட போகணும்.”

வீட்டுக்கு! கொஞ்சம்கூட யோசிக்காமல் சொன்னான். அவன் தவழ்ந்த வீட்டுக்குள் நின்றுகொண்டு சொன்னான். மருமகள் தங்கமான பிள்ளை. ஒரு குறையும் சொல்ல முடியாது.

மோட்டார் சைக்கிள் சந்தியில் திரும்பும் வரை கேற்றடியில் நின்றேன். உள்ளே வந்தால் தட்டிப் போட்ட தலையணை அப்படியே கிடக்கிறது. வந்தான், போனான்.

என் வக்காலத்தை வாபஸ் வாங்குகிறேன். அந்தப் பிள்ளைக்குப் புள்ளி போட வேண்டாம்... வாத்தியார் சொன்னதுதான் சரி.