லாத்தா தள்ளி வைத்த ஈரல் துண்டு

எங்கள் லாத்தா இறைவனிடம் சேர்ந்து இன்றோடு ஓராண்டு. அக்காவை நாங்கள் லாத்தா என்றுதான் அழைப்போம். புதுக்கோட்டையில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த வருஷம் கணவரை இழந்தவர். தையல் மிஷினை மிதித்தே மூன்று பிள்ளைகளையும் ஆளாக்கினார். பொறுமைசாலி, விட்டுக்கொடுப்பவர் என்றெல்லாம் இந்த நினைவு மலரில் மற்றவர்கள் எழுதியிருப்பார்கள். அவர்கள் யாரும் லாத்தாவோடு ஒரே சகனில் சாப்பிட்டதில்லை.

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் விருந்துகளில் நாலு பேர் ஒரு பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவோம். அதுதான் சகன். லாத்தாவின் இடம் எப்போதும் என் பக்கத்தில். ஈரல் துண்டு விழுந்தால் இரண்டு கைகள் பாயும். ஒன்று அவருடையது, மற்றது என்னுடையது. முப்பது வருஷத்தில் ஒரு துண்டைக்கூட அவர் எனக்கு விட்டதில்லை.

எனக்கு ஐம்பது நெருங்கிய சமயம். நாலு வாய் உண்டதுமே வயிறு நிறைந்துவிடும். அடிவயிறு உப்பி நிற்கும். சாப்பாட்டுக்கு நடுவிலேயே எழுந்து கொல்லைக்கு ஓடுவேன். வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்தேன். வயதானதும் அடக்கம் வந்துவிட்டது என்று உறவினர்கள் பாராட்டினார்கள், நானும் மறுக்கவில்லை. முதல் இரண்டு விருந்துகளில் லாத்தாவுக்குக் கொண்டாட்டம். மூன்றாவதில் அவர் முகம் மாறியது. பெரிய ஈரல் துண்டாகப் பார்த்து எடுத்து என் பக்கம் தள்ளி வைத்தார். நான் தொடவில்லை.

மறுநாள் காலையில் அளவு நாடாவோடு வந்து நின்றார்.

"ஈரல வச்சு சோதிச்சேன். நீ திரும்பிக்கூடப் பாக்கல. ஒனக்கு ஒடம்புல என்னமோ இருக்கு."

"வாயுதான் லாத்தா."

"ரெண்டு மாசமாவா வாயு? சோறு பாதியாப் போச்சு. அப்பறம் பாவாடை நாடா மட்டும் எப்புடிடி எட்டாமப் போவும்? கெளம்பு."

முரண்டு பிடித்தேன். கையைப் பிடித்து இழுத்துப் போனார். உள்ளூர் லேடி டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருச்சிக்கு அனுப்பினார். சினைப்பையில் கட்டி. புற்றுநோய். அங்கே டாக்டர்களிடம் லாத்தாதான் எனக்கும் சேர்த்துப் பேசினார்.

ஆபரேஷன் முடிந்ததும் திருச்சி டாக்டரம்மா, "இது பெருசா வெளியில காட்டிக்காத நோய். வயிறு நல்லா வீங்கினப்பறம்தான் பெரும்பாலும் வருவாங்க. நீங்க எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார்.

"என் தங்கச்சிய எனக்குத் தெரியாதாம்மா? ஈரல விட்டுட்டு எந்திரிக்கிறவ இல்ல" என்றார் லாத்தா. எல்லோருக்கும் என்னைப்போல் நல்ல நேரம் வாய்ப்பதில்லை என்று டாக்டரம்மா சொன்னதையும் இங்கே சொல்ல வேண்டும்.

உடம்பு தேறி முதல் விருந்துக்குப் போனேன். நான் எடுத்த துண்டை என் விரலிலிருந்தே லாத்தா பிடுங்கினார். "இனிமே ஒனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லி வாயில் போட்டுக்கொண்டார். பிழைத்துவிட்டேன் என்று அன்றுதான் நம்பினேன், அழுதேன்.

கடைசியில் மூச்சிழுப்பு வந்து லாத்தா படுக்கையில் விழுந்தார். முதுகு தடவிவிட்ட மருமகளுக்கும், அழைத்தபோதெல்லாம் வீட்டுக்கே வந்த டாக்டருக்கும், கஞ்சி கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. உங்கள் சகனில் ஒரு பெண்ணின் கை வாரக்கணக்கில் சாப்பிடாமல் பின்வாங்கினால், அடக்கம் என்று பாராட்டாதீர்கள். டாக்டரிடம் இழுத்துப் போங்கள்.

இன்று லாத்தாவுக்காக ஓதும் வருஷ பாத்திஹா விருந்து. என் சகனிலும் ஈரல் துண்டு விழும். எடுத்து முதலில் பக்கத்து இடத்துக்குத்தான் தள்ளி வைப்பேன்.