படத்தை நிறுத்தியதும் திறந்த பக்கம்

பிள்ளைகளா, பட்டன் போனில் நெட் பார்த்த கதையை எடுத்தாலே சிரிப்பீங்களே, இதைக் கேளுங்க.

நெட் மின்னல் வேகத்தில் வரும் என்று செய்தியில் படித்துத்தான் புது போன் வாங்கினேன். போன மழைக்காலத்தில், ஜெகதாப்பட்டினத்தில் உங்க சித்தப்பா படகெடுக்கக் கிளம்பினார். கரையில் சிக்னல் மோசம். வானிலைப் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

“நீங்க அது சுத்துறதைப் பாருங்கண்ணே, நான் போயிட்டு வாரேன்” என்றார்.

அந்தக் காலத்தில் பட்டன் போனில் படங்களை நிறுத்திவிட்டு எழுத்தை மட்டும் திறப்போம். அதையே இதிலும் செய்தேன். உடனே வந்தது: சூறைக்காற்று, கடலுக்குப் போக வேண்டாம்.

“டேய், எறங்குடா!” என்று கத்தினேன்.

மதியம் அடித்த காற்றில் மீனுக்கு ஐஸ்கட்டி செய்யும் பிளாண்டின் கூரையே பறந்தது. சித்தப்பாவோ என் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஜெயித்துவிட்டோம்!

இப்போது படகு கிளம்புமுன் வானிலையைப் படமில்லாமல்தான் பார்க்கிறேன். காற்றடித்த அன்று சாயந்திரமே தனியாக உட்கார்ந்து, அந்த வானிலைப் பக்கத்தைப் போன் முகப்பில், உங்க போட்டோவுக்குக் கீழே வைத்தேன்.