ஆள் வந்தால்தான் மருந்து

காசநோய்க்கு மருந்து கண்டுபிடித்தவர்கள் கெட்டிக்காரர்கள். அதை நோயாளியின் வாய்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை மட்டும் எங்களிடம் விட்டுவிட்டார்கள். அரசாங்க மருந்தகத்துச் சன்னலின் எந்தப் பக்கமாவது நின்று கால் கடுத்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். எழுபதுகளின் தொடக்கத்தில் போர்ட் பிளேரில் ஒரு காசநோய் மருந்தகத்தில் ஹெல்த் விசிட்டராக இருந்தேன்.

கல்

செல்லம்மா இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி, நிக்கோபாரில் கட்சால் தீவுக்கு ரப்பர் பால் வெட்டப் போனவள். இருமலோடு கப்பலேறி எங்களிடம் வந்தாள். மருந்து மெயின்லேண்டிலிருந்து வந்து சேரவில்லை. எங்கள் கம்பவுண்டர் தாஸ் பாபு வங்காளி. அவள் சன்னலுக்கு வரும்போதெல்லாம், "கல் ஆனா" என்று இந்தியில் சொல்லி அனுப்பிவிடுவார்.

ஒரு நாள் காலையில் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். யார் கையிலோ பெரிய வெள்ளை மாத்திரையைப் பார்த்து, அதற்குப் பெயரே கல் என்று நினைத்திருக்கிறாள். "ஐயா, எனக்கும் ஒரு கல்லு குடுக்கச் சொல்லுங்க" என்றாள். 'கல் ஆனா' என்றால் நாளை வா; இந்தியில் கல் என்றால் நாளை, நேற்றுக்கும் அதே சொல்தான் என்று விளக்கினேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்:

"நேத்துக்கும் நாளைக்கும் ஒரே பேருன்னா, இன்னிக்கு எதைங்கையா முழுங்குறது?"

பண்டாரி

மருந்து வந்தது. போர்ட் பிளேரிலேயே மரைன் ஹில்லில் தூரத்து உறவினர் வீட்டில் தங்கி, ஊசியெல்லாம் போட்டுக்கொண்டு கட்சால் திரும்பினாள். மாத்திரையை ஒரு வருஷத்துக்கு மேல் விடாமல் சாப்பிட வேண்டும். அதனால் ஒவ்வொரு கப்பலிலும் பொட்டலம் கட்டி அனுப்பினேன். கொண்டுபோனவர் கப்பல் பண்டாரி, அதாவது சமையற்காரர், காதர் பாய்; ராமநாதபுரத்துக்காரர். கட்சால் கப்பல்துறையில் அவள் கையிலேயே கொடுத்துவிட்டு, நான் கேட்காமலே சேதி சொல்வார்.

"இருமல் நின்னுபோச்சு சார். மிச்சப்படுற மூச்சையெல்லாம் என்னைத் திட்டத்தான் செலவு பண்ணுது."

மேம்பாடு

பிறகு, எங்கள் சிகிச்சையின் தரத்தை உயர்த்த மெயின்லேண்டிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சென்னைக்காரர், நல்ல மனிதர். சில நோயாளிகள் மாத்திரையை வாங்கி எறிந்துவிடுகிறார்கள் என்று வருத்தப்பட்டார். அது உண்மைதான். இனி மாதாமாதம் நோயாளி நேரில் வந்தால்தான் மருந்து. முதல் வேளை மாத்திரையை எங்கள் எதிரிலேயே விழுங்கி, வாயைத் திறந்து காட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

நான் கட்சாலைச் சொன்னேன். அவர் எங்கள் தீவிலேயே இருக்கும் பெரார்கஞ்ச் வரை ஜீப்பில் போய்வந்தவர்; கட்சால் அதற்கு அடுத்த ஊர் என்று நினைத்துவிட்டார். பெரிய மனதோடு ஒரு சலுகையும் கொடுத்தார்:

"பரவாயில்லை, கடைசி பஸ் வர்ற வரைக்கும் சன்னலைத் திறந்து வையுங்க."

நடுவில் கடல் இருக்கிறது என்று சொன்னபோது அவர் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்.

பேர்

அடுத்த கப்பல் வந்ததும் காதர் பாய் சன்னலில் கை நீட்டினார். தாஸ் பாபு விரலை ஆட்டினார். டாக்டரிடம் போய்ச் சண்டையிட்டேன்; மேலிட உத்தரவு என்றார்.

செல்லம்மா ஒருமுறை நேரில் வந்தாள். மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து காட்டினாள். திரும்பிப்போகக் கப்பல் கிடைக்கவில்லை. வாரக்கணக்கில் மரைன் ஹில்லில் காத்துக்கிடந்தாள். அதற்குள் அவள் பால் வெட்டிய மரங்களை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு நாள் வேலை கணக்கில் ஏறினால் தோட்டத்தில் 'பேர் விழுந்தது' என்பார்கள். அவள் கப்பலேறும்போது, அடுத்த மாதமும் கட்டாயம் வரவேண்டும் என்று கெஞ்சினேன்.

"மாத்திரைக்கு வந்தா பேரு விழாதுங்க. பேரு விழலைன்னா மாத்திரைய எந்தச் சோத்தோட முழுங்குறது?"

வருகை

அவள் வரவில்லை. மழைக்காலம் முடிந்து வந்த கப்பலிலிருந்து காதர் பாயும் இன்னொருவரும் அவளை நாற்காலியோடு தூக்கிவந்தார்கள். தாஸ் பாபு தானே வெளியே ஓடிவந்து ஒரு கை பிடித்தார். அரைகுறையாக நின்றுபோன மருந்துக்கு நோய் பழகிவிட்டிருந்தது; இனி அது கேட்காது என்று டாக்டர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். செல்லம்மாவுக்கு அது தெரியாது. சன்னலைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஆளே வந்திருக்கேனுங்க. இப்பவாவது குடுப்பீங்களா?"

கொடுத்தோம்; அவள் இறந்த பிறகு மேலிடத்திலிருந்து வந்த பாராட்டில் சொல்லியிருந்தபடி, அந்த ஆண்டு எங்கள் மருந்தகத்தில் ஒரு மாத்திரைகூட வீணாகவில்லை.