சாவி கைமாறும் முன்

மாவு மில்லுக்கு வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் சல்லடை. மாவில் மட்டுமல்ல, பேச்சிலும் அவளிடம் ஒரு கல் தப்பாது. வீட்டுக்குக் கடைசிப் பெண். வாடகைக் கொட்டகையில் பதினோரு ஆண்டுகளாகத் தனியாக மில் நடத்தினாள். பெல்ட் அறுந்தால் அவளே மாட்டுவாள். அரவைக் கல் மழுங்கினால் அவளே கொத்துவாள்.

கொட்டகையை அதன் சொந்தக்காரர் ஓர் இரும்புக்கடைக்காரருக்கு விற்றுவிட்டார். எழுதிய ஒப்பந்தப்படி சனிக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும். அதில் அவளுக்குக் கவலையில்லை, அடுத்த தெருவிலேயே வேறு இடம் பார்த்திருந்தாள். ஆனால் செவ்வாய்க்கிழமை வந்த கடைக்காரர், அவள் வாங்கிப் பூட்டிய அரவை இயந்திரத்தின் அடியைச் செருப்பால் தட்டினார்.

“இது இங்கேயே இருக்கட்டும்மா. தரையில பூட்டினது தரைக்குத்தான் சொந்தம். நான் எல்லாத்தையும் சேர்த்துத்தான் வாங்கியிருக்கேன்.”

“அப்போ உங்க செருப்புல ஒட்டின மாவு யாருக்குச் சொந்தம்? தட்டிட்டுப் போங்க முதலாளி.”

அவர் சிரித்தார். “வாய்க்குக் குறைச்சல் இல்ல. நாளைக்குச் சாவியைக் குடுத்துடு. மெஷின் விஷயத்தை அப்புறம் உட்கார்ந்து பேசுவோம்.”

அவரைப் பகைத்துக்கொள்ளப் பயந்து சரியென்று சொல்லிவிட்டாள். அந்த இயந்திரம் போனால் அவள் கையில் தொழிலே இல்லை. வீட்டில் அக்காவும், “மரியாதையா சாவியைக் குடுத்துட்டு நயமாக் கேளுடி, தராம போயிடுவாரா?” என்றாள். அக்கா படித்தது ஐந்தாம் வகுப்பு, சட்டம் தெரியாது.

மறுநாள் காலையில் கோதுமை அரைக்க வந்தார் பத்திர எழுத்தர். விஷயத்தைக் கேட்டதும் பையைக் கீழே வைத்தார்.

“சாவியைக் குடுத்துட்டீங்களா?”

“சாயங்காலம் தரணும் சார்.”

“நல்லவேளை! அவர் சொன்னதுல பாதி உண்மை. நிலத்தோட சேர்ந்தது பொதுவா நிலத்துக்காரருக்குத்தான். ஆனா வாடகைக்கு இருக்கறவங்க தொழிலுக்காகப் பூட்டினதைக் கழட்டிட்டுப் போகலாம். இடம் உங்க கையில இருக்கும்போதே எடுக்கணும், எடுத்த இடத்தை முன்ன இருந்தபடி விடணும். சாவியைக் குடுத்துட்டு அப்புறம் போனா, அவர் இடத்துக்குள்ள நீங்க நுழைஞ்ச மாதிரி ஆயிடும்.”

சல்லடை அதோடு விடுவாளா? “மூலையில ஒழுகுதுன்னு கூரைக்குத் தகரம் போட்டேனே, அது?”

“அது கட்டடத்தைக் காக்கப் போட்டது. பிடுங்கினா மழை உள்ள வரும். வம்பு வேணாம், விட்டுடுங்க. மெஷின் பூட்டினது மெஷின் ஆடாம ஓடறதுக்கு. ரெண்டும் ஒண்ணில்ல.”

அன்று மாலை கடைக்காரரிடம், “ஒப்பந்தப்படி சனிக்கிழமைதான் சாவி,” என்று சொல்லிவிட்டாள். அன்றிரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழனன்று மெக்கானிக்கோடு சேர்ந்து இயந்திரத்தைத் தரையில் பூட்டியிருந்த நான்கு போல்ட்டுகளையும் கழற்றினாள். குழிகளில் சிமெண்டைத் திணித்து, மட்டப்பலகையால் இழைத்து, ஈரச்சாக்கு போட்டு மூடினாள். இரண்டு நாளும் மூன்று வேளை தண்ணீர் தெளித்தாள்.

சனிக்கிழமை வந்த கடைக்காரர் வெறும் தரையைப் பார்த்துக் கத்தினார். “யாரைக் கேட்டுத் தூக்கின?”

“சாவி இன்னும் என்கிட்டதானே இருக்கு. நான் பூட்டினதை நான் கழட்டினேன். தரையில ஒரு பள்ளம் இருந்தாச் சொல்லுங்க, இப்பவே சரி பண்ணித் தரேன்.”

அவர் குனிந்து தடவிப் பார்த்தார். அண்ணாந்து கூரையையும் பார்த்தார்.

“தகரத்தை விட்டுட்டியே?”

“அது உங்க கட்டடத்தோடது.”

அவர் பேனாவை எடுத்தார். அவள் எழுதி வைத்திருந்த தாளில், சாவியும் இடமும் நல்ல நிலையில் வந்து சேர்ந்தன என்று கையெழுத்துப் போட்டார். அதன் பிறகே சாவி கைமாறியது.

வெளியே தள்ளுவண்டியில் இயந்திரம் கயிறு கட்டிக் கிடந்தது. அக்கா ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“என்னடி ஆச்சு?”

“நம்மளுதுதான்க்கா. தள்ளு.”

சொல்லும்போதே அவளுக்கு மூச்சு நீளமாக வெளியே வந்தது. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் அவளுக்குப் பசித்தது.