எல்லாருக்கும் அதே சதவீதம்

லிஃப்ட் கயிறுகளைக் கையால் தடவிப் பார்த்தே எது எப்போது அறும் என்று சொல்லிவிடுவார். அதனால் அவருக்குக் ‘கயிறு’ என்றே பெயர் விழுந்துவிட்டது. அக்கா புருஷனின் லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தில் இருபத்தாறு வருஷம் உழைத்தார். நடுமாடியில் சிக்கிய கர்ப்பிணியைத் தோள்கொடுத்து இறக்கியவரும் அவர்தான். குழிக்குள் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டவரும் அவர்தான்.

ஐம்பதாவது வயதில் ஓய்வூதியம் பற்றிக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. காகிதத்தில் அவர் ஊழியரே இல்லை. கூப்பிட்டால் வந்துபோகும் சுயதொழில்காரர்.

“சொந்தக்காரனுக்கு எதுக்கு மச்சான் பென்ஷன் கின்ஷன்லாம்? நான் இல்லையா?” என்று அத்தான் சிரித்தார். கூட நின்ற அக்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் அவரைக் குத்தியது. கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்.

இரண்டு வருஷம் தனியாளாக ஓட்டினார். பிறகு மருந்துக்கடை மாடியில் ஓர் அறை பிடித்து, முறைப்படி கம்பெனியாகப் பதிவுசெய்தார். சான்றிதழ் வந்த வாரமே ஆடிட்டர் அம்மாவின் எதிரே போய் உட்கார்ந்தார்.

“வயசான காலத்துக்கு ஒரு வழி சொல்லுங்கம்மா.”

“மூணு வழி இருக்கு. உங்க சொந்தப் பேர்ல சேமிக்கலாம். சுலபம்தான், ஆனா வருஷத்துக்கு இவ்வளவுதான்னு வரம்பு உண்டு. இல்லைன்னா லாபத்தைக் கம்பெனியிலேயே விட்டு வெச்சு, கடைசியில கம்பெனியை வித்துடலாம். வாங்க ஆள் வரலைன்னா அம்போதான். மூணாவது, இப்ப கம்பெனி வேற, நீங்க வேற. நீங்க அதுல மாசச் சம்பளம் எடுங்க. சம்பளத்துல இத்தனை சதவீதம்னு கம்பெனி உங்களுக்குப் பென்ஷன் கட்டும். நிறைய சேரும், வரியும் குறையும்.”

“இதுல என்ன வில்லங்கம்?”

“நாளைக்கு ஆள் சேர்த்தா அவங்களுக்கும் அதே சதவீதம் கட்டியே ஆகணும். உங்களுக்கு முதல் வழி போதும்.”

கயிறு நிமிர்ந்து உட்கார்ந்தார். “யார் சேர்ந்தாலுமா?”

“சேர்ந்த முதல் மாசத்துலேர்ந்து.”

“மூணாவதையே எழுதுங்க. பத்து சதவீதம்.”

அத்தானிடம் இன்னும் எட்டு மெக்கானிக்குகள் அதே ‘சுயதொழில்’ பார்த்துக்கொண்டிருந்தார்கள். கயிறு யாரையும் அழைக்கவில்லை. உதிரிபாகக் கடையில் அவர்கள் கூடும் வேளையில் தன் திட்டக் காகிதத்தை மேசைமேல் விரித்து, நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். மூன்று மாதத்தில் மூன்று பேர் வந்தார்கள். அந்த மூவரின் கைக்கு மட்டுமே படியும் பழைய லிஃப்ட்டுகள் உள்ள ஆஸ்பத்திரியின் பராமரிப்பு ஒப்பந்தமும் அத்தானை விட்டுப் பின்னாலேயே வந்தது.

அத்தான் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். “சொந்தத்துக்குள்ளயே இப்படிக் கழுத்தறுக்கலாமா மச்சான்?”

“நானா கூப்பிட்டேன்? அவங்க வயசு கூப்பிட்டுச்சு, அத்தான்.”

அக்கா போனில் அழுதாள். “அவர் தூங்கி மாசமாச்சுடா.”

“எனக்கு நல்லாத் தூக்கம் வருதுக்கா.”

வந்த மூவரில் ஒருவரின் மனைவி, கயிறைத் தெய்வம் என்று கும்பிட்டாள். “தெய்வமும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. என் வயித்தெரிச்சல்ல உங்களுக்குக் கொஞ்சம் வெளிச்சம், அவ்வளவுதான்,” என்று எரிந்து விழுந்தார்.

ஆறாம் மாதம் ஒரு செய்தி வந்தது. மிச்சமிருந்த ஐவரைத் தக்கவைக்க அத்தானும் பத்து சதவீதம் கட்டத் தொடங்கிவிட்டாராம். எல்லாரும் அவரைத் தங்கமான மனுஷன் என்கிறார்களாம். கயிறுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. நேரே ஆடிட்டர் அம்மாவிடம் போனார்.

“பன்னிரண்டு ஆக்குங்க.”

“நாலு பேருக்கும் பன்னிரண்டுன்னா உங்க சம்பளத்தைக் குறைச்சாத்தான் முடியும். உங்க பென்ஷனும் சேர்ந்து இறங்கும். இந்த முழங்காலோட இன்னும் மூணு வருஷம் கூடுதலா ஏறி இறங்கணும்.”

“ஏறுறேன்,” என்றார் கயிறு. “அந்தாள் பதிமூணு ஆக்கினா உடனே எனக்குச் சொல்லுங்க.”