விருந்தினர் வாசலில், பாட்டு பாதியில்

பாண்ட் வாத்தியம் என்பது எல்லோரும் கேட்கிற, ஆனால் ஒருவரும் இருந்து கேட்காத தொழில். தோளில் டிரம்மைச் சுமந்தவர்களுக்கும் கன்னம் வீங்க ஊதியவர்களுக்கும் இதை நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

நான் மாங்குளத்தில் டயர் கடை வைத்திருக்கிறேன். விழா என்றால் கடையைப் பூட்டிவிட்டு எங்கள் பாண்ட் குழுவில் டிரம் அடிக்கப் போய்விடுவேன். முல்லைத்தீவுக் கரையோரத்துத் தேவாலயங்களில் ஊதிப் பழகியவர்களும் ஒட்டுசுட்டான் பக்கத்து வயல்காரர்களும் கலந்த குழு. தேர், பெருநாள், கலியாணம், கடை திறப்பு, செத்தவீடு என்று எதற்கும் போவோம். எல்லாம் நடந்துகொண்டே வாசிப்பதுதான்.

மூன்று அடி

எங்கள் தொழிலில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். வாசலில் விருந்தினரின் தலை தெரிந்தால், என்ன பாட்டு ஓடிக்கொண்டிருந்தாலும் நான் டிரம்மில் மூன்று தரம் ஓங்கி அடிப்பேன். பாட்டை அந்த இடத்திலேயே வெட்டிவிட்டு எல்லோரும் வரவேற்பு மெட்டுக்குத் தாவுவார்கள். அந்த மெட்டுத் தொடங்காமல் எங்கள் பக்கத்தில் ஒரு விருந்தினரும் காலடி எடுத்து வைக்கமாட்டார். அவர் உள்ளே வந்து அமரும்வரை எழும்பி நின்ற சனமும் அமராது.

ஒரு கடை திறப்பு விழாவுக்குப் பழகிப் பழகி ஒரு புதுப்பாட்டைக் கொண்டு போனோம். விருந்தினர்கள் ஒவ்வொருவராக வந்து இறங்க இறங்க, தொடங்குவதும் வெட்டுவதுமாகவே காலைப்பொழுது போய்விட்டது. கடைசியில் வாசல் வெறுமையாக இருந்த நேரம் பார்த்து, இம்முறையாவது முடித்துவிடலாம் என்று மறுபடி தொடங்கினோம். கடை முதலாளி உள்ளேயிருந்து ஓடிவந்தார்.

“ஒருத்தரும் வரேல்ல, பிறகேன் தம்பி அடிக்கிறியள்?”

மாப்பிள்ளையின் சித்தப்பா

அருள்நேசன் நோர்வேயில் இருக்கும் பெயர்பெற்ற இசையமைப்பாளர். தாயார் பளையைச் சேர்ந்தவர். ஐரோப்பாவில் பெரிய ஜாஸ் குழுக்கள் அவருடைய பாட்டுக்காகக் காத்திருக்குமாம். நாங்கள் ஒரு பெருநாளில் வாசித்ததை யாரோ போனில் எடுத்துப் போட, அது எப்படியோ அவர் கண்ணில் பட்டுவிட்டது. உங்களுக்கென்றே ஒரு பாட்டு எழுதிக்கொண்டு வருகிறேன், சேர்ந்து ஒரு கச்சேரி வைப்போம் என்று அறிவித்துவிட்டார். எங்களில் பாதிப்பேருக்கு ஜாஸ் என்றால் என்னவென்று தெரியாது. மற்றப் பாதிப்பேர் தெரிந்தவர்கள்போல இருந்துவிட்டார்கள்.

அவரை வரவேற்க மாங்குளம் புகையிரத நிலையத்துக்கே வாத்தியங்களோடு போனோம். ரயில் வந்து நின்றதும் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக ஒருவர் கம்பீரமாக இறங்கினார். மூன்று அடி. மாலை விழுந்தது. ரயில் மேடை முழுக்க ஊதிக்கொண்டு அவரை றோட்டுவரை அழைத்துவந்தோம். கசங்கிய சேட்டோடு முதுகில் ஒரு பையைப் போட்டுக்கொண்டு ஒரு மனிதர் எங்களுக்குப் பின்னால் தலையை ஆட்டியபடி வந்துகொண்டிருந்தார். அவர்தான் அருள்நேசன் என்பது, கோட்டுக்காரரை வாகனத்தில் ஏற்றும்போதுதான் தெரியவந்தது. கோட்டுக்காரர் ஒரு கலியாணத்துக்குக் கொழும்பிலிருந்து வந்தவர். மாலையைக் கழற்ற அவருக்கு மனமே வரவில்லை.

“நான் மாப்பிள்ளையின்ர சித்தப்பாதான். சித்தப்பாவுக்கே இப்பிடியெண்டா, மாப்பிள்ளைக்கு என்ன செய்வினம்?”

கதிரையில் வந்த கஷ்டம்

ஒத்திகை தேவாலய மண்டபத்தில். வந்த அன்றே அருள்நேசன் எல்லோரையும் வரிசையாகக் கதிரைகளில் இருத்தினார். வினை அங்கேதான் தொடங்கியது. நாங்கள் இருந்து வாசித்ததே கிடையாது. ட்ரொம்போனை நீட்டினால் முன்னால் இருப்பவரின் பிடரியில் இடித்தது. எங்களுக்குத் தாளம் காலில் இருப்பது. கால் நின்றால் தாளமும் நின்றுவிடும். பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடியே எல்லோரும் நடப்பதுபோலக் காலை அடிக்க, மண்டபத்தில் பாட்டைவிடச் செருப்புச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. மனிதர் கோபிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அடியுங்கள் என்று மட்டும் சொன்னார்.

அதைவிடப் பெரிய தலையிடி, அவருடைய பாட்டில் இடையிடையே வந்த மௌனம். எல்லோரும் நிறுத்தி, மூச்சு விட்டு, பிறகு சேர்ந்து தொடங்கவேண்டும். ஊர்வலத்தில் நாங்கள் மௌனத்துக்குப் பயந்தவர்கள். அந்த இடம் வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் தாங்கமுடியாமல் ‘பூம்’ என்று ஊதிவிடுவார். அநேகமாக அது ட்ரம்பெட்காரர் செல்வமாக இருக்கும். ஏன் உங்களுக்கு நிறுத்தக் கஷ்டமாக இருக்கிறது என்று அருள்நேசன் ஆறுதலாகக் கேட்டார். செல்வம் எழுந்து நின்று மரியாதையாகப் பதில் சொன்னார்.

“சேர், நாங்கள் நிப்பாட்டினா சனம் சாப்பாடு போடுறாங்கள் எண்டு எழும்பிப் போயிடும்.”

ரெஜினா அக்கா

எங்கள் குழுவில் சக்சபோன் வாசிப்பவர் ரெஜினா அக்கா. முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர். கணவர் கடலுக்குப் போகிறவர். விடியக் கரையோரத்து மீன் வாடியில் மீனைத் தரம் பிரித்துக் கொடுத்துவிட்டு, பஸ் பிடித்து ஒத்திகைக்கு வருவார். அதிகம் கதைக்கமாட்டார். அவர் ஊதும்போது எனக்குச் சிலவேளை டிரம் அடிக்க மறந்துபோகும். அதை அவருக்கு நான் சொன்னதில்லை.

பாட்டின் நடுவில் ஒரு நீண்ட தனி வாசிப்பு இருந்தது. அருள்நேசன் அதை ரெஜினா அக்காவிடம் கொடுத்தார். மற்றவர்கள் எல்லோரும் அடங்கிப்போக, அவர் மட்டும் தொடங்கி, ஏறி, இறங்கி, முடிக்கவேண்டும். அக்கா தாளை முதலிலிருந்து கடைசிவரை விரலால் தடவிப் பார்த்தார். பயமாக இருக்கிறதா என்று அருள்நேசன் கேட்டார். பயமில்லை, ஆனால் சனம் உண்மையாகவே கதிரையில் இருந்து இதை முழுக்கக் கேட்குமா என்று அக்கா திருப்பிக் கேட்டார். நிச்சயமாகக் கேட்கும், அதற்காகத்தானே வருகிறார்கள் என்றார் அவர். அக்காவின் முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

“கலியாணம் கட்ட முன்னம் இருந்து ஊதுறன், சேர். என்ர வாசிப்பை முதலில இருந்து கடைசி மட்டும் கேட்டது பெட்டிக்குள்ள கிடந்த ஆக்கள் மட்டும்தான்.”

வாசலில் நின்றவர்

கச்சேரி பின்னேரம். ஒட்டுசுட்டான்காரர்கள் காட்டிலிருந்து யானை இறங்க முன்னம் வீடு போய்ச் சேரவேண்டும் என்பதால் வெயில் தாழ முன்னமே தொடங்க ஏற்பாடு. மண்டபம் நிறைந்துவிட்டது. பிரதம விருந்தினரை மட்டும் காணவில்லை. பார்த்துப் பார்த்துக் களைத்து, அருள்நேசன் சனத்துக்கு முதுகைக் காட்டி எங்கள் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார். தொடங்கினோம். மௌனம் வந்த இடத்தில் செல்வம்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டார்.

ரெஜினா அக்கா தனியாக எழுந்து நின்று வாசிக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். வாசலில் வாகனம் வந்து நின்றது. பிரதம விருந்தினர் இறங்கி, வாசற்படியில் வழக்கம்போல நின்றார். மாலைத் தட்டோடு பிள்ளைகள் ஓடினார்கள். பின்வரிசை எழும்பியது. அதைப் பார்த்து அடுத்த வரிசை எழும்பியது. கதிரைகள் அரைபடும் சத்தத்தோடு மண்டபம் முழுக்க எழும்பி வாசல் பக்கம் திரும்பிவிட்டது. விழாக்குழுச் செயலாளர் ஓரமாக நின்று, அடி அடி என்று எனக்குக் கையால் காட்டினார்.

தடிகள் என் கையில் தானாக உயர்ந்துவிட்டன. அக்கா என்னைப் பார்த்தார். பாட்டு எந்த இடத்தில் வெட்டுப்படும் என்று அவருக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனாலும் வாயை எடுக்கவில்லை, வாசித்துக்கொண்டே பார்த்தார். எனக்குப் பயமாக இருந்தது. செயலாளரைப் பகைத்தால் இந்தப் பக்கத்தில் இனி ஒரு விழாவுக்கும் எங்களைக் கூப்பிடமாட்டார்கள். இருந்தும் என்னால் அந்த அடியை அடிக்க முடியவில்லை. தடிகளைக் கொண்டுபோய் மடியில் வைத்தேன்.

மெட்டு வராததால் விருந்தினர் நின்ற இடத்திலேயே நின்றார். அவர் அமராததால் சனமும் அமரவில்லை. ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று அறிய ஒவ்வொருவராக மேடைப் பக்கம் திரும்பினார்கள். திரும்பியவர்கள் பிறகு வாசலைப் பார்க்கவில்லை. அக்கா ஏறி, இறங்கி, அவசரமில்லாமல் முடித்தார். முதலில் கைதட்டியவர் வாசலில் நின்றவர்தான்.

அதுவரை கதிரைச் சத்தத்தை மட்டும் கேட்டு, பின்னால் நடந்தது எதுவும் தெரியாதிருந்த அருள்நேசன் திரும்பிப் பார்த்தார். மண்டபம் முழுக்க எழுந்து நின்று மேடையைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ நாட்டில் பாட்டு முடிந்தபின் எழும்பினார்கள், பாதியிலேயே எழும்பி நின்று கேட்டது இங்கேதான் என்று ஒலிவாங்கியில் சொன்னார். செயலாளர் உட்பட எல்லோரும் அதற்கும் கைதட்டினார்கள்.

விருந்தினர் வந்து அமர, மிச்சப் பாட்டையும் முடித்து, வாத்தியங்களைப் பெட்டியில் அடுக்கும்போது அக்காவிடம் போனேன். அருள்நேசனுக்கு உண்மையைச் சொல்லிவிடுவோமா, மனிதர் ஊர் போய் எல்லோரிடமும் இதையே சொல்லப்போகிறாரே என்றேன். அக்கா சக்சபோனைத் துணியால் துடைத்துப் பெட்டியை மூடினார்.

“சொல்லிப்போடாதை தம்பி. சனம் எழும்பினது வாசலில நிண்டவருக்கு. திரும்பினது எனக்கு.”

இத்தனை வருடம் தோள் நோக அடித்தும் கிடைக்காத பெரிய கைதட்டல், ஒரே ஒரு நாள் நான் அடிக்காமல் விட்ட டிரம்முக்குக் கிடைத்தது என்பதுதான் இந்தத் தொழிலைப் பற்றி என்னால் பெருமையாகச் சொல்லக்கூடிய ஒரே விசயம்.