வெளியே போக மறந்த அப்பா

எங்கள் அண்ணி அதுவரை ஒரு நாடகம்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் நான் எழுதியதை நாடகமாக்கியது அவர்தான். நான்கு வருஷத்துக்கு முன்பு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அப்போது எனக்கு அவ்வளவு மண்டைக்கனம்.

அண்ணி ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கும் இடத்தில் அவருடைய மேஜை. அங்கே உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷமாகச் சாட்சிகளின் வாக்குமூலங்களை அடிக்கிறார். காலையில் என் அப்பாவின் மாத்திரைகளை வேளைவாரியாக எடுத்து வைத்துவிட்டு எட்டரை மணி பஸ்ஸைப் பிடிப்பார். அப்பா பதினோரு வருஷமாக அண்ணன் வீட்டில்தான். என் வீடு சின்னது என்பது குடும்பத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட காரணம். அந்தக் காரணத்தை எடுத்துக்கொடுத்தவன் நான்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஆசையெல்லாம் நாடகத்தில். எங்கள் ஊர் நாடகக் குழுவின் டைரக்டர் பகலில் கணக்கு வாத்தியார். நான் எழுதிய இரண்டு நாடகங்களையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"உங்க ஆளுங்க பேசிக்கிட்டே இருக்காங்க. யாருக்கு என்ன வேணும்னே தெரியல. அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒண்ணு குடுங்க. அதுவும் இப்படித்தான்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன், தப்பா நினைக்காதீங்க."

தப்பாகத்தான் நினைத்தேன். நாடகம் எழுதுவது எப்படி என்று ஒரு புத்தகம் வாங்கினேன். கதை, பாத்திரம், உரையாடல், மோதல், உச்சம், முடிவு. மளிகைப் பட்டியலை டிக் அடிப்பதுபோல ஒவ்வொன்றாகப் போட்டு மூன்றாவதை எழுதி முடித்தேன். வயதான அப்பாவை யார் வைத்துக்கொள்வது என்று மகனும் மகளும் மோதிக்கொள்கிறார்கள். அதுதான் கதை. என் கையெழுத்து டைரக்டருக்கு ஆகாது என்பதால் அண்ணியிடம் அடிக்கக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் வாங்கிவர அண்ணன் வீட்டுக்குப் போனேன். பாதிதான் அடித்திருந்தார். என் தாள்களின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ கணக்குப் போட்டதுபோல் கோடுகள்.

"என்ன அண்ணி இது?"

"யாரு உள்ள வந்தாங்க, யாரு வெளிய போனாங்கன்னு குறிச்சிருக்கேன். ஆபீஸ் பழக்கம். சம்பவம் நடந்தப்போ ரூம்ல யார் யார் இருந்தாங்கன்னுதான் எங்க வக்கீல் முதல்ல கேப்பாரு. ஒரு ஆள் கணக்குல விட்டுப்போச்சுன்னா கேஸே போச்சு."

"சரி, இதுல என்ன?"

"முதல் காட்சியில அப்பா பேப்பர் எடுக்க வந்து நாற்காலியில உக்கார்றாரு. அப்புறம் அவர் எழுந்து போனதா எங்கயும் இல்லையே தம்பி. அவர முன்னாடியே வெச்சுக்கிட்டா இவங்க ரெண்டு பேரும் 'நீ கூட்டிட்டுப் போ, நீ கூட்டிட்டுப் போ'ன்னு பேசுறாங்க?"

முதல் காட்சியில் அவரை உட்கார வைத்தவன், முப்பத்தெட்டு பக்கம் அவரை அப்படியே மறந்துவிட்டேன்.

"அப்பா உள்ளே போகிறார்னு ஒரு வரி சேத்துடுங்க அண்ணி. முடிஞ்சுது."

"சேக்கலாம். ஆனா அவரு போயிட்டா இவங்களுக்கு என்ன பயம்? தாராளமாப் பேசிட்டுப் போயிடுவாங்க. அவரு அங்கயே இருந்தாத்தானே வாய் கூசும்?"

எழுதத் தெரிந்தவன் நானா அவரா என்று எனக்குக் கோபம் வந்தது. விளக்கம் கொடுக்க ஆரம்பித்தேன். மோதல் என்றால் என்ன, உச்சம் என்றால் என்ன என்று புத்தகத்தை அப்படியே ஒப்பித்தேன். அண்ணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நீங்க வந்து முக்கால் மணி நேரமாச்சு. மாமாகிட்ட ஒரு வார்த்தை பேசினீங்களா?"

திரும்பிப் பார்த்தேன். ஜன்னலோரக் கட்டிலில் அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வருகிறேன் என்று கேள்விப்பட்டதும் நல்ல சட்டையாக மாற்றிக்கொண்டாராம். அந்த நேரத்தில் எனக்கு வந்த வெட்கம் என் எதிரிக்கும் வரக்கூடாது.

தாள்களோடு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கதையைச் சொன்னேன். நாடகத்து அப்பாவை வெளியே அனுப்பாமலே எழுதினால், கடைசியில் அவர் வாயைத் திறந்தாக வேண்டும். என்ன பேசுவார் என்று எனக்குச் சுத்தமாகத் தெரியவில்லை.

"நீங்களா இருந்தா என்னப்பா சொல்வீங்க?"

அப்பா அதிகம் யோசிக்கவில்லை. "'நான் வேணா கொஞ்சம் உள்ள போய் இருக்கட்டுமா? நீங்க கூச்சப்படாமப் பேசுங்க'ன்னு சொல்வேன்."

அண்ணி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். நான் அந்த வரியை எழுதிக்கொண்டேன். பிறகு மகன், மகள் பேச்சு முழுவதையும் கிழித்துப் போட்டேன். புதிதாக எழுதியதில் இருவரும் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியை எங்கே போடுவது என்றுதான் சண்டை. சனிக்கிழமை அலுவலகம் முடிந்து வந்து, வலது தோளில் வலியோடு, அண்ணி மொத்தத்தையும் மறுபடி அடித்துக் கொடுத்தார். நான் கேட்கக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை டைரக்டர் ஒத்திகை அறையில் நின்றபடியே படித்தார். முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"அப்பாவ அங்கயே உக்கார வெச்சீங்க பாருங்க, அதுதான் நாடகம். எப்படித் தோணிச்சு?"

"தோணல சார். மறந்துட்டேன். எங்க அண்ணிதான் கண்டுபிடிச்சாங்க."

நாடகம் மேடையேறிய அன்று மூன்றாவது வரிசையில் எனக்கு ஒரு பக்கம் அண்ணி, மறுபக்கம் அப்பா. கடைசிக் காட்சியில் மேடையில் இருந்த கிழவர் நாற்காலியின் கையைப் பிடித்து மெதுவாக எழுந்து, அந்த வரியைச் சொன்னார். அண்ணி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்தக் கைக்கு நான் பட்டிருக்கும் கடனை எந்த நாடகம் எழுதியும் தீர்க்க முடியாது.

அப்பா மட்டும் அந்தப் பக்கத்து நாற்காலியில் இருந்த முன்பின் தெரியாதவரின் தோளைத் தட்டினார்.

"இது நான் சொன்னது" என்றார்.